அடிப்பக்கம் பிரித்த பெட்டி

ஒரே கூரைக்குக் கீழே இரண்டு மாப்பிள்ளைகள் தொழில் செய்தால் அந்தக் கூரை என்றைக்காவது பறந்துவிடும் என்று மாமனாருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும். ஒருத்தரும் சொல்லவில்லை. மனுஷன் தன் கார் ஏ.சி. பட்டறையை மூத்த மகள் புருஷனுக்குப் பாதி, இளைய மகள் புருஷனுக்குப் பாதி என்று எழுதி வைத்துவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடிவிட்டார். அவருக்கென்ன, போய்ச் சேர்ந்துவிட்டார்.

மூத்தவரைத் தெருவில் பெரிய மாப்பிள்ளை என்பார்கள், இளையவரைச் சின்ன மாப்பிள்ளை என்பார்கள். சகலைகள் இருவரும் முகம் பார்த்துப் பேசி வருஷக்கணக்காகிறது. பேசியே தீர வேண்டியதை ஜாடையில் பேசிக்கொள்வார்கள். பெரியவர் திறந்து கிடக்கிற பானெட்டைப் பார்த்து, "ஸ்பேனர எடுத்த மகராசன் எடுத்த எடத்துல வச்சா நல்லாருக்கும்" என்பார். சின்னவர் சுவர்க் காலண்டரைப் பார்த்து, "கண்ணு இருக்கறவங்களுக்குக் காலடியில கெடக்கறது தெரியும்" என்பார். வண்டி விட வந்தவர்கள் பாவம், தங்களைத்தான் திட்டுகிறார்களோ என்று பின்னால் திரும்பிப் பார்ப்பார்கள்.

வெளியில் தெரிந்த சண்டை சாமானைப் பற்றியது. கம்ப்ரஸர் போய்விட்டது, கண்டென்ஸர் ஒழுகுகிறது என்று வண்டி வந்தால், கார் கம்பெனி முத்திரை குத்திய ஒரிஜினலைத் தவிர வேறெதையும் பெரியவர் தொடமாட்டார். வெளிக்கம்பெனி தயாரிப்பு எல்லாம் அவர் அகராதியில் போலி. "விலாசம் இல்லாத சாமான். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு சட்டையப் பிடிக்கிறது?" என்பார், ரேடியேட்டரிடம். சின்னவர் காலண்டரிடம் பதில் சொல்வார்: "ஒரே மாதிரி இரும்பு, ஒரே மாதிரி அச்சு. பெட்டி மட்டும்தான் வேற. பெட்டியக் கும்பிடறவங்க தாராளமாக் கும்பிட்டுக்கலாம்."

உள்ளே இருந்த சண்டை வேறு. பெரியவருக்கு ஒரே மகள். அந்தப் பெண்ணுக்குப் பிறவியிலேயே வியர்க்காது. உடம்பில் ஏறிய சூடு இறங்க வழியே கிடையாது. கொஞ்ச நேரம் வெயிலில் நின்றால் மேனி கொதிக்கும், இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் வலிப்பு வரும். வீடானாலும் காரானாலும் அவளுக்குக் குளிர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது அப்பாவின் காருக்குச் சின்னவர்தான் ஒரு வெளிக்கம்பெனி கம்ப்ரஸர் மாட்டிக் கொடுத்தார். நல்ல எண்ணத்தில்தான் மாட்டினார். ஒருநாள் உச்சி வெயிலில் நடுரோட்டில் அது நின்றது. குழந்தைக்குக் கண் செருகிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஈரத்துணியும் ஐஸுமாகச் சுற்றி உயிரை இழுத்துப் பிடித்தார்கள். அந்த வராந்தாவில், அத்தனை சொந்தபந்தமும் நிற்க, பெரியவர் சின்னவரைப் பார்த்துச் சொன்னார்: "என் பிள்ளையக் கொல்லப் பார்த்தவன் நீ."

பெல்ட் தேய்ந்து போயிருந்தது, அதை மாற்றுங்கள் என்று அப்போதே தலைதலையாக அடித்துக்கொண்டேன் என்று சின்னவர் சொன்னதை யார் கேட்டார்கள்? அன்றைக்குத் தைத்த முள் இன்றுவரை நெஞ்சில் இருக்கிறது. அதனால்தான் வெளிக்கம்பெனி சாமான் நல்ல சாமான் என்று அவர் தொண்டை கிழியக் கத்தினார். அது நல்ல சாமான் என்றால் அவர் கொலைகாரர் இல்லை. கணக்கு அவ்வளவுதான்.

ஆடு பகை, குட்டி உறவு என்பார்களே, அந்தக் கதைதான். அக்காளும் தங்கையும் தினம் போனில் ஒட்டிக்கொண்டு கிடந்தார்கள். அந்தப் பெண்ணோ சித்தப்பா என்றால் உயிரை விடும். அப்பாவுக்குத் தெரியாமல் கார்க் கண்ணாடி வழியாக நாக்கைத் துருத்தும். சின்னவரும் பெரியவர் முதுகுக்குப் பின்னால் நின்று பதிலுக்குத் துருத்துவார். பிள்ளையில்லாத மனுஷர் அவர். அந்த நாக்குத் துருத்தலில்தான் அவருடைய பாதி வாரம் ஓடியது.

இப்படி இருக்கையில் ஒரு வக்கீலுடைய கார் வந்தது. பெரியவர் வைத்திருந்த அதே மாடல். கம்ப்ரஸர் செத்துப்போயிருந்தது. "ஒரிஜினல்தான் போடணும், சீல் பிரிக்கிறத நான் பார்க்கணும்" என்று வக்கீல் கறாராகச் சொல்லிவிட்டார். பெரியவருக்கு வாயெல்லாம் பல். "படிச்சவங்களுக்குத்தான் அருமை தெரியுது" என்று டயரிடம் சொன்னார். சனிக்கிழமை சாயங்காலம் புதுப்பெட்டி வந்து அலமாரியில் ஏறியது. திங்கட்கிழமை மாட்டுவதாகப் பேச்சு.

அன்றைக்குப் பெரியவர் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு சின்னவருக்குப் புத்தி கோணலாகப் போயிற்று. பெட்டியைக் கவிழ்த்தார். மேல்பக்கத்து சீலைத் தொடாமல் அடிப்பக்கத்தை மட்டும் அலுங்காமல் பிரித்தார். உள்ளே இருந்த ஒரிஜினலை எடுத்துவிட்டு, அச்சு அசலாக அதே மாதிரி இருந்த வெளிக்கம்பெனி கம்ப்ரஸரை வைத்தார். வக்கீல் வண்டியின் செத்த கம்ப்ரஸரிலிருந்து கம்பெனி முத்திரைத் தகட்டைப் பெயர்த்து அதில் ஒட்டினார். திரும்பவும் பிசின் தடவி மூடினார். பார்த்தால் பெற்ற தாய்க்கே தெரியாது.

ஒன்று மட்டும் பாக்கி வைத்தார். ஒரிஜினல் கம்ப்ரஸர் வயிற்றில் எண்ணெயோடு வரும், அப்படியே மாட்டலாம். இந்த வெளிக்கம்பெனி சாமான் காய்ந்த வயிற்றோடுதான் வரும், மாட்டுகிறவன்தான் எண்ணெய் ஊற்ற வேண்டும். அந்த எண்ணெயோ காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடிக்கிற ஜாதி. முன்கூட்டியே ஊற்றி வைக்கக் கூடாது என்பது தொழில் தர்மம். ஆளை ஏமாற்றக் கிளம்பியவருக்கு அந்தத் தர்மத்தில் மட்டும் குறைச்சல் இல்லை! திங்கட்கிழமை முதல் ஆளாக வந்து ஊற்றிவிடலாம் என்று விட்டார்.

மிச்சத்தை எல்லாம் அவர் மனசுக்குள் நூறு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டார். பெரியவர் அதை மாட்டுவார். குளிர்காற்றில் கையை நீட்டி, "இதுல்ல ஒரிஜினல்!" என்று பெருமை பேசுவார். அப்போது சின்னவர் உண்மையான ஒரிஜினலைத் தூக்கிவந்து வக்கீல் காலடியில் வைப்பார். "அய்யா, உங்க சாமான் இந்தா இருக்கு. உள்ள ஓடறது நான் சொல்ற சாமான்" என்பார். தெருவே பார்க்கப் பெரியவர் மூக்கு உடையும். சந்தோஷத்தில் ஒரிஜினலை வீட்டுக்குத் தூக்கிவந்து கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் படுத்தார்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது மனைவி சொன்னாள்: "அக்கா போன் பண்ணிச்சு. எல்லாரும் ஏரிக்குக் கிளம்பிட்டாங்களாம்."

"இந்த வெயில்லயா?"

"வண்டிக்குள்ளதான இருக்கப் போறாங்க? அங்க போனா ஏ.சி. ரூம். பிள்ளை ஒரு மாசமாக் கேட்டுக்கிட்டே இருந்தா. நேத்து பாத்து வண்டியில ஏ.சி. கொரகொரன்னு கத்துச்சாம். அவ அழுத அழுகையில மாமா விடிஞ்சதும் பட்டறைக்குப் போய் வேற கம்ப்ரஸர் மாட்டிட்டு வந்துட்டாராம். ஏதோ வக்கீலுக்கு வந்த ஒரிஜினல் அலமாரியில இருந்துச்சாம். அவருக்கு வேற ஒண்ணு வாங்கிக்கலாம்னு..."

சின்னவர் சோற்றுக் கையோடு எழுந்தார். "என்னங்க, என்னாச்சு?" என்று அவள் கேட்டது வாசல் வரைக்கும் கேட்டது. அடுத்த தெருவில் இருந்த பட்டறைக்கு எப்படிக் காரை ஓட்டினார் என்பது அவருக்கே தெரியாது.

அலமாரி காலி. பெட்டி குப்பைக்கூடையில் கிடந்தது. மேல்பக்கத்து சீல் அழகாகக் கத்தியால் கீறப்பட்டிருந்தது, அடிப்பக்கம் அவர் ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. பக்கத்தில் குழாய் கழுவுகிற திரவத்தின் காலி டப்பா. பாவி மனுஷன், பழைய அழுக்கு ஒரு பொட்டு இருக்கக்கூடாது என்று மொத்தக் குழாயையும் கழுவி ஊதியிருக்கிறார். பழைய எண்ணெயாவது கொஞ்சம் ஒட்டிக்கொண்டு காப்பாற்றும் என்ற நினைப்பும் போயிற்று. சொட்டு எண்ணெய் இல்லாமல் இரும்பு இரும்போடு உரசிக்கொண்டு ஓடுகிறது. எந்த நிமிஷமும் இறுகிப் பிடிக்கும். பிடித்தால் பெல்ட் அறும். அறுந்தால் ஏ.சி. மட்டுமா, வண்டியே நிற்கும்.

அந்த நேரத்திலும் ஒரு நினைப்பு வந்தது. யாருக்கும் தெரியாது. ஒரிஜினல் பெட்டி, ஒரிஜினல் சீல். அது நடுவழியில் காலை வாரினால் ஒரிஜினல்தான் அசிங்கப்படும். வந்த வேகத்திலேயே அந்த நினைப்பை உதறினார். பெரியவருக்குப் போன் போட்டார். எடுக்காமல் அவர் கட் பண்ணினார். மறுபடி போட்டார். மறுபடியும் கட். அண்ணிக்குப் போட்டார்.

"அண்ணி, வண்டிய நிறுத்தச் சொல்லுங்க!"

"அது நின்னு எவ்வளவு நேரமாச்சு!" அண்ணி அழுதாள். "நெடுஞ்சாலையில, கல்குவாரி தாண்டி ஒரு பாலத்துக்கிட்ட நிக்கறோம். ஒரு வண்டியும் நிறுத்த மாட்டேங்கறான். பிள்ளைக்கு உடம்பு அனலாக் கொதிக்குது. இருந்த தண்ணியெல்லாம் ஊத்தியாச்சு. சீக்கிரம் வாங்க, தம்பி!"

அவர் போய்ச் சேர்ந்தபோது பெண் பாலத்து நிழலில் அம்மா மடியில் துவண்டு கிடந்தாள். முகம் செக்கச்செவேல் என்று காய்ந்து கிடந்தது. பெரியவர் தன் சட்டையைக் கழற்றி அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தார். சின்னவரைப் பார்த்ததும் மகளைத் தூக்கிவந்து பின்சீட்டில் கிடத்தினார். அண்ணி அவள் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். வேறு வழியில்லாமல் பெரியவர் முன்சீட்டில் சின்னவர் பக்கத்தில் உட்கார்ந்தார். சின்னவர் குளிரை முழுசாகத் திருப்பிவிட்டு ஆஸ்பத்திரியைப் பார்த்து விரட்டினார். அவர் காரில் ஓடியதும் வெளிக்கம்பெனி கம்ப்ரஸர்தான். உறைகிற மாதிரி குளிர் வந்தது.

கொஞ்ச தூரம் போனதும், "கண்ணைத் திறக்கறா" என்றாள் அண்ணி.

பெரியவர் முகத்தைப் பொத்திக்கொண்டு ஒரு மூச்சு அழுதார். பிறகு பேசினார். காரிடம் இல்லை, கண்ணாடியிடம் இல்லை.

"தம்பி."

சின்னவருக்கு ஸ்டியரிங் வழுக்கியது.

"ஒரிஜினல்தான் போட்டேன். சீல் பிரிக்காத பெட்டி. புதுக் கம்ப்ரஸர் மூடியத் திறந்தா புஸ்ஸுன்னு காத்து வரும்ல, அது வரல. எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. பெட்டியப் பாத்துட்டு விட்டுட்டேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அதுவே கழுத்தறுத்துடுச்சுன்னா, அன்னிக்கு உன்னையச் சொன்னது... அத்தனை பேர் முன்னாடி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. என் வாயில புத்து வைக்க. மனசுல வச்சுக்காதப்பா."

எத்தனை வருஷம் இந்த வார்த்தைக்காகக் காத்திருந்தார்! தெருவே பார்க்க மூக்கு உடைய வேண்டும் என்று நினைத்தாரே, அந்த மனுஷர் பக்கத்தில் உட்கார்ந்து தானாகவே தலை குனிந்துவிட்டார். சும்மா இருந்தால் போதும். "விடுங்கண்ணே" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்தது. நாக்கு அந்த வார்த்தை வரைக்கும் போனது. கண்ணாடியில் பின்னால் பார்த்தார். பெண் அரைக்கண்ணால் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாக்கைத் துருத்தத் தெம்பில்லை, உதடு மட்டும் அசைந்தது.

"அண்ணே, அது ஒரிஜினல் இல்ல."

"என்ன?"

"பெட்டிய அடிப்பக்கம் பிரிச்சு மாத்தி வச்சேன். வக்கீல் வண்டியில நீங்க மாட்டுவீங்க, உங்க மூக்க உடைக்கலாம்னு. உங்க வண்டிக்குப் போடுவீங்கன்னு சத்தியமாத் தெரியாது."

பெரியவர் தொழில்காரர். முதலில் கேட்டது அதைத்தான். "எண்ணெய்?"

"ஊத்தல. நாளைக்குக் காலையில ஊத்தலாம்னு..."

"அசலு எங்க?"

"எங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியில."

பின்னால் அண்ணி, "அடப்பாவி!" என்றாள். பெரியவர் கை ஓங்கியது. விழட்டும் என்று சின்னவர் கன்னத்தைக் காட்டிக்கொண்டே ஓட்டினார். கை விழவில்லை. அப்படியே இறங்கி, தன் முன்னால் இருந்த குளிர்காற்றுத் துவாரத்தைப் பின்சீட்டுப் பக்கமாகத் திருப்பிவிட்டது.

"நிறுத்திடாத, ஓட்டு" என்றார்.

ஆஸ்பத்திரியில் ஓடிவந்து வாங்கிக்கொண்டார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் தெரியாது, இப்போது பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். அதே வராந்தா. சின்னவர் சுவரோரமாக நின்றார். பெரியவர் வந்து அந்தப் பழைய வார்த்தையைத் திரும்பவும் சொல்வார் என்று காத்திருந்தார். சொல்லட்டும். இந்தத் தடவை பதில் பேசக்கூடாது, வாங்கிக்கொள்ள வேண்டும் என்று மனசைத் தயார் பண்ணிக்கொண்டு நின்றார்.

பெரியவர் வந்தார். சின்னவரைத் தாண்டிப்போய்த் தண்ணீர்க் குழாய்க்கு எதிரே நின்றார். குழாயைப் பார்த்துச் சொன்னார்: "பிள்ளை பொழச்சுக்கிட்டா. கூட்டிட்டு வந்தவங்க கெளம்பலாம். பட்டறையப் பாதியாப் பிரிக்கிற வேலைக்கு யாராவது வருவாங்க."

"அண்ணே, என்னைப் பாத்து ரெண்டு வார்த்தை திட்டிடுங்க" என்றார் சின்னவர்.

பெரியவர் குழாயை இறுக்கி மூடிவிட்டு உள்ளே போனார். கதவு சரியாகச் சாத்தவில்லை. பெண்ணின் குரல் மெதுவாகக் கேட்டது.

"அப்பா, சித்தப்பா எங்க?"

"அப்படி யாரும் வரலம்மா" என்றார் பெரியவர். "நீ தூங்கு."