ஏணி திரும்பி வரட்டும்

விடியும் முன்பே சாணார்பட்டிச் சாலையோரம் கடப்பாரைகள் இறங்கின. மேலே மழைச் சகதி; அடியில் சுக்காம்பாறை. ஒவ்வொரு குத்துக்கும் உள்ளங்கைக் கொப்புளம் உடைந்தது. மார்பளவுக் குழிக்குள் நின்று ஒச்சாயி மண்ணை வாரி மேலே எறிந்தாள்.

போன் கம்பெனியின் கேபிளுக்கான குழி அது. அந்தக் கேபிள் வழியே இனி வீடுகளுக்கு டிவியும் சினிமாவும் வரும். மாலையில் மண்டபத்தில் தொடக்க விழா. அதற்குள் கேபிளை இழுத்து, திரையில் படம் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று விரட்டினான் காண்டிராக்டர் மணிமாறன்.

எதிர்க் கம்பத்தில் மூங்கில் ஏணி சாத்தி வயரை ஒட்டிக்கொண்டிருந்தான் ரொனால்டு. உள்ளூர் கேபிள் டிவிக்கு லைன் பார்ப்பவன். நேற்று மணிமாறன் சொல்லி இந்தக் குழி தோண்டுபவர்கள் வெட்டிய வயர் அது.

"அடுத்தவன் சோத்துல மண்ணள்ளிப் போட்டு விளங்கிருவீகளா?" என்று மேலிருந்தே கத்தினான்.

"போடா! ரெண்டு தூத்தல் விழுந்தா படம் வராது. வசூலுக்கு மட்டும் டான்னு வந்துருவ" என்றாள் கூட மண் அள்ளிக்கொண்டிருந்த தங்கமுத்து. குழிமேட்டில் சிரிப்பு எழுந்தது. ரொனால்டு காறித் துப்பினான்.

"மண்ணு பொதபொதன்னு இருக்குய்யா. சரியாம அண்டக் குடுக்கப் பலகை தாங்க" என்று குழிக்குள்ளிருந்து கேட்டாள் ஒச்சாயி.

"பலகை வச்சு எப்ப முடிக்க? தோண்டு" என்றான் மணிமாறன்.

செத்த நேரத்தில் குழியின் ஒரு பக்கம் அப்படியே சரிந்தது. வெறுங்கையால் மண்ணைப் பறித்து அவளை எடுத்தார்கள். தொடை எலும்பு முறிந்து, கால் திரும்பிக் கிடந்தது.

"ஜீப்பக் குடுங்கய்யா!" என்று அவள் கணவன் மணிமாறனைக் கும்பிட்டான்.

"உள்ள விழாவுக்கு டிவிப்பெட்டி இருக்கு. சேறாயிரும்."

கம்பத்திலிருந்து ரொனால்டு இறங்கியதை யாரும் கவனிக்கவில்லை. ஏணியைக் கிடத்தி, தன் சட்டையைக் கழற்றி அதன்மேல் விரித்தான். "கால அசைக்காமத் தூக்குங்க." சந்தைக்குப் போன பூ வண்டியை மறித்து, ஏணியோடு அவளை ஏற்றினார்கள். சர்ச்சுக்குப் போகிறவன்தான்; ஆனாலும் இப்படி ஒருத்திக்காக ஆண்டவர் தன்னிடம் ஏணியைக் கேட்பார் என்று அவன் நினைத்திருக்க மாட்டான்.

ஏறப்போன கணவனிடம் மணிமாறன் சொன்னான்: "ஆஸ்பத்திரியில கேட்டா, ரோட்டுல போனவ விழுந்துட்டான்னு சொல்லு. அவ என் ஆளு இல்ல."

வண்டி போயிற்று. கேபிளை இழுக்கச் சொல்லிக் கயிற்றை எடுத்துக் கொடுத்தான் மணிமாறன். தங்கமுத்து கயிற்றைக் கீழே போட்டாள். "அப்ப நாங்களும் ரோட்டுல போறவகதான்."

ஒவ்வொருவராகக் கயிற்றை விட்டுவிட்டு மண்மேட்டில் உட்கார்ந்தார்கள்.

மணிமாறன் ரொனால்டு பக்கம் திரும்பினான். "தம்பி, கேபிள் தொழில் இனிச் செத்துச்சு. ஒன் ஆளுகளக் கூட்டிட்டு வந்து கயித்தப் பிடி. கம்பெனியிலயே வேல வாங்கித் தாரேன்."

ரொனால்டு கயிற்றைப் பார்த்தான். அவனுக்கும் வீட்டில் அடுப்பெரிய வேண்டும்.

"என் ஏணி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கு சார். நீங்களும் அங்க போயி, அவ என் ஆளுன்னு சொல்லுங்க. ஏணி திரும்பி வரட்டும், பேசுவோம்."

"போலீசக் கூப்பிடவா?"

"ஜீப்பு சும்மாதான நிக்குது. போய்க் கூட்டிட்டு வாங்க" என்றாள் தங்கமுத்து.

மணிமாறன் தானே கயிற்றைப் பிடித்து இழுத்தான். செருப்பு சகதியில் வழுக்கியது. கேபிள் அசையவில்லை.

வெற்றுடம்போடு உட்கார்ந்த ரொனால்டிடம் தங்கமுத்து கூழ் வாளியை நகர்த்தினாள். "குடி. இன்னைக்கு வசூல் கெடையாதா?"

அவன் சிரித்துக்கொண்டே வாங்கினான்.

மண்டபத்துப் பக்கம் மைக் சோதிக்கும் சத்தம் கேட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. அடுத்த குழியில் தோண்டியவர்களும் வேலையை விட்டு மண்வெட்டிகளோடு வந்தார்கள். ரொனால்டு நகர்ந்து இடம் விட்டான்.