கறிவேப்பிலை மரத்தடியில் நாலு நிமிடம்

கரவெட்டியில் கஜானி சமைத்த கறிகளின் வாசம், 2022 வைகாசி தொடக்கம், ஏறக்குறைய இருபது கிலோமீற்றர் தள்ளித் திருநெல்வேலியில் இருக்கும் குணலட்சுமியின் குசினியில் மணந்தது. கரவெட்டியில் மணக்கவில்லை. அந்த மாதங்களில் சோளகக் காற்று தென்மேற்கிலிருந்து வீசும். வாசமோ வடகிழக்கிலிருந்து, காற்றுக்கு எதிராக வந்தது. பஸ்ஸுக்கு மேலால் கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு ஒன்று யாழ்ப்பாணப் பக்கம் போகிறது என்று முதலில் சொன்னவர், காலை பத்தரைக்கு வல்லைவெளியைக் கடந்த பஸ்ஸின் நடத்துநர் சீவரத்தினம். பயணிகள் மூக்கை உயர்த்திப் பார்த்து, ஓம் என்று ஒத்துக்கொண்டு, ரிக்கற்றை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். எரிவாயுவுக்கும் டீசலுக்கும் ஆட்கள் வரிசையில் நின்ற வருடம் அது. ஒரு குழம்பு தனியாகப் பயணம் போவதைப் பற்றி மேற்கொண்டு கதைக்க ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை.

குணலட்சுமி பலாலி வீதியிலிருந்து உள்ளே போகும் ஓர் ஒழுங்கையில் 2010ஆம் ஆண்டிலிருந்து சமையல் தொழில் நடத்தி வந்தாள். மதியத்தில் பல்கலைக்கழக விரிவுரையாளர்களுக்கும் அறை எடுத்துத் தங்கிய மாணவர்களுக்கும் சோற்றுப் பார்சல். கலியாணம், பிறந்தநாள் என்றால் பெரிய ஓடர். வெளிநாட்டிலிருந்து வந்து நிற்பவர்கள் கூப்பிட்டால் அவர்கள் வீட்டுக் குசினிக்கே போய் மூன்று வேளையும் சமைத்துக் கொடுப்பாள். சனிக்கிழமைகளில் வகுப்பு. வகுப்புக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் விசாவுக்குக் காத்திருக்கும் மணப்பெண்கள். ரொறொன்ரோவில் மிளகாய் வறுத்தால் கூரையில் மணி அடித்துத் தீயணைப்பு வண்டி வரும் என்று பயமுறுத்தி, புகையாமல் தூள் வறுக்கும் விதத்தை அவர்களுக்குப் பழக்கினாள். எல்லாவற்றையும் பழக்கினாள், ஒன்றைத் தவிர. கறி இறக்கும் தறுவாயில் கடைசியாக இறைச்சிச் சரக்குப் போட வேண்டும். அந்த நேரம் வந்ததும், "பின்வளவுக்குப் போய்க் கறிவேப்பிலை ஆஞ்சுகொண்டு வாங்கோ பிள்ளையள்" என்று எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவாள். பெருஞ்சீரகமும் கறுவாவும் ஏலமும் எந்தப் பதத்தில் வறுபட்டன, கறிக்குள் எப்போது விழுந்தன என்பதை ஒருவரும் கண்டதில்லை. நாலு நிமிடம். அவர்கள் இலையோடு திரும்பும்போது சட்டி மூடியிருக்கும். அந்தப் பக்கத்தில் கை பழக்குகிறவர்கள் எல்லோரும் எதையாவது ஒன்றை இப்படித் தமக்கென்று வைத்துக்கொள்வார்கள். பழகுகிறவர்களும் தெரியாததுபோல இருந்துவிடுவார்கள்.

கஜானி வகுப்புக்கு வந்தவள் அல்ல. குணலட்சுமியைவிட இரண்டு வயதுதான் இளையவள். 2014இல் தொழிலில் கூட்டாகச் சேர்ந்தவள். தினமும் காலையில் கரவெட்டியிலிருந்து பஸ் ஏறி வந்து, மீன் வெட்டி, தேங்காய் துருவி, பின்னேரம் திரும்பினாள். ஆனாலும் எட்டு வருடமும், ஒருநாள் தவறாமல், அவளும் அந்த நாலு நிமிடத்துக்குக் கறிவேப்பிலை மரத்தடிக்கு அனுப்பப்பட்டாள். மணப்பெண்கள் மரத்தடியில் நின்று கைத்தொலைபேசி பார்த்தார்கள். கஜானியிடம் அப்போது பார்க்கத் தக்க தொலைபேசி இருக்கவில்லை. அவள் சும்மா நின்றாள். 2022 சித்திரையில் டீசல் இல்லாமல் பஸ் நின்றபோது, வேறு வழியில்லாமல் தன் வீட்டில் விறகு அடுப்பு மூட்டி அயலுக்குப் பார்சல் கட்டத் தொடங்கினாள். பஸ் திரும்ப ஓடியபோது அவள் அதில் ஏறவில்லை. குணலட்சுமி தொலைபேசி எடுத்துக் கேட்கவும் இல்லை. அடுத்த மாதமே வாசம் வரத் தொடங்கியது.

முதல் நாள் வந்தது நண்டு. குணலட்சுமி அன்று பருப்பும் முட்டைக்கோவாவும் பொரித்த மிளகாயும் சமைத்திருந்தாள். பார்சல் எடுக்க வந்த விரிவுரையாளர் ஒருவர் பொதியைத் திறந்து பார்த்துவிட்டு, "அக்கா, வீடு முழுக்க நண்டு மணக்குது, எனக்குக் கோவா கட்டியிருக்கிறியள். நண்டு ஆருக்கு ஒளிச்சு வைச்சிருக்கு?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னதை அவர் நம்பவில்லை; அடுத்த கிழமையிலிருந்து வேறு இடத்தில் சாப்பிட்டார். அவரைப்போல இன்னும் ஒன்பது பேர் போனார்கள். வெள்ளிக்கிழமை சைவக்காரர்கள் வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினார்கள். கஜானி வெள்ளிக்கிழமையிலும் மீன், நண்டு என்று மச்சம் சமைத்தாள். ஆனால் குணலட்சுமியை வாட்டியது இது ஒன்றுமல்ல. அவள் கணவன் நடராசா தபால் கந்தோரில் வேலை செய்தார். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவார். இருபத்தொரு வருடமாகத் தட்டைப் பார்க்காமலே சாப்பிட்டு எழும்பும் மனுசன். நண்டு மணந்த அன்று படலையைத் திறந்ததும் நின்று, கண்ணை மூடி, "இஞ்சேரப்பா, இண்டைக்கு என்ன விசேசம்? சாதி வாசமெல்லே வருது!" என்றார். இருபத்தொரு வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் புகழ்ச்சி அது. அது வேறொருத்தியின் சட்டிக்குப் போனது.

அதன் பிறகு குணலட்சுமி யன்னல்களைச் சாத்தினாள். வாசம் குழாயைத் திறந்தபோது தண்ணீரோடு வந்தது. சுறாக் கருவாட்டை நெருப்பில் போட்டுப் புகை எழுப்பினாள். அயலவர்கள் கருவாட்டைப் பற்றி முறைப்பாடு செய்தார்கள், கணவாய்க் கறியைப் பற்றி ஒருவரும் குறை சொல்லவில்லை. கீரிமலைக்குப் போய் ஊற்றில் முழுகி, நகுலேஸ்வரத்தில் அருச்சனை செய்துவிட்டு வந்தாள். வீட்டில் ஆள் இல்லாத நேரம் வந்த விருந்தாளியைப்போல வாசம் பின்வளவில் காத்திருந்தது. வேறு வழியில்லாமல் அவள் அதைப் படிக்கத் தொடங்கினாள். திங்கள் முருங்கைக்காய், செவ்வாய் மரவள்ளி, புதன் சுறா வறை. கஜானிக்கு எத்தனை ஓடர் வருகிறது, எந்த நாளில் வெளிநாட்டுக்காரர் வீட்டில் நிற்கிறாள், எப்போது நல்ல மீன் கிடைக்காமல் ரின் மீனில் சமாளிக்கிறாள் என்பது கஜானியின் புருசனைவிடக் குணலட்சுமிக்கு நன்றாகத் தெரிந்தது. உப்புக் கூடின நாட்களில் அவளுக்கு நித்திரை நன்றாக வந்தது. அப்படியான நாட்கள் குறைவு.

கரவெட்டியில் கஜானிக்கும் கரைச்சல் இருந்தது. கறி ருசியாக இருந்தது, மணமில்லை. கனடாவிலிருந்து வந்து நின்ற ஒரு குடும்பம், தடிமன் பிடித்த நேரத்தில் சாப்பிடுவதுபோல இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அப்படியிருந்தும் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டது. இந்தச் செய்தி ஒரு சனிக்கிழமை வகுப்பில் குணலட்சுமியின் காதுக்கு எட்டியது. அவள் அன்று மணப்பெண்களுக்கெல்லாம் பாயாசம் காய்ச்சிக் கொடுத்தாள்.

ஆனால் வாசம் எப்படி வருகிறது என்பதை அவள் கவனித்தது 2023 தையில்தான். அது நேரே குசினிக்குள் வருவதில்லை. வேலிக்கு மேலால் இறங்கி, முதலில் கறிவேப்பிலை மரத்தடியில் நிற்கும். அங்கே நாலு நிமிடம் நிற்கும். பிறகுதான் பின்கதவால் உள்ளே வரும். அவள் சுவர் மணிக்கூட்டைப் பார்த்து மூன்று நாள் சரிபார்த்தாள். நாலு நிமிடம், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஏன் என்று அவளுக்கு விளங்கியது. விளங்கியதால் கோபம்தான் வந்தது. அந்தக் கிழமையில் நடராசா சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போய், மரத்தடியில் முக்காலி போட்டிருந்து, பருப்பையும் சோற்றையும் பிசைந்து, மேலே மூச்சிழுத்துச் சாப்பிட்டதை யன்னலால் கண்டாள். அடுத்த நாள் ஆள் பிடித்து மரத்தை அடியோடு தறிப்பித்தாள். வாசம் வழமைபோல வந்து, குற்றிக்குப் பக்கத்தில் நாலு நிமிடம் நின்றது. அன்று தொடக்கம், வளவில் மரமில்லாமல் திருநெல்வேலிச் சந்தையில் கறிவேப்பிலை வாங்கிய சமையல்காரி அவள் ஒருத்திதான்.

ஆவணியில் தாரிகாவின் கலியாணம் நடந்தது. தாரிகா குணலட்சுமியிடம் எட்டுச் சனிக்கிழமை படித்தவள், கரவெட்டிப் பெண், லண்டனுக்குப் போக இருந்தவள். கலியாணத்துக்குப் பிறகு மச்சம் சமைத்து உறவெல்லாம் கூடிச் சாப்பிடும் நாலாஞ்சடங்குக்கு முந்நூறு பேர். தாய் கமலாவதி தொலைபேசி எடுத்து, "குறை நினையாதேங்கோ குணா, ஊருக்குள்ளை கஜானி இருக்கேக்கை அங்காலை ஆளெடுத்தால் சனம் ஒரு மாதிரிக் கதைக்கும்" என்றாள். குணலட்சுமி, "இதிலை என்ன குறை" என்றாள். வைத்துவிட்டு, உரலில் கிடந்த மிளகைத் தேவைக்கு மேல் நன்றாக இடித்தாள்.

நாலாஞ்சடங்கு நாளன்று காலை பத்து மணிக்கு ஆட்டிறைச்சி வாசம் வந்தது. முந்நூறு பேருக்கான வாசம் ஒரு சின்னக் குசினிக்குள் அடங்காது. அது ஒழுங்கையை நிறைத்து, பலாலி வீதி வரை போய், பஸ் தரிப்பில் நின்றவர்களைப் பசிக்க வைத்தது. குணலட்சுமி தாச்சிச் சட்டி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டியடியில் நின்றாள். அந்த வாசத்துக்குள் மூன்று பெரிய சமையல் கிடாரம் இருந்தது என்பதை அவள் பிரித்து அறிந்தாள். நடுவிலிருந்த கிடாரத்தின் அடியில் வேறொரு நூல் ஓடியது. மெல்லியது, கசப்பானது. அடிப்பிடிக்கத் தொடங்கியிருந்தது. இன்னும் பத்து நிமிடத்தில் அது மேலே ஏறிவிடும். அந்தக் கிடாரத்துக்குப் பக்கத்தில் நின்ற கஜானிக்கு அது தெரிய வழியில்லை; அவளுடைய கறி அவளுக்கு மணப்பதில்லை. ஒரு நாலாஞ்சடங்கில் இறைச்சி கருகினால், அந்தக் கைக்குக் கரவெட்டியில் பிறகு ஒருவரும் கிடாரம் கொடுக்க மாட்டார்கள். தொலைபேசி மேசையில் இருந்தது. குணலட்சுமி தாச்சியைத் தேய்த்தாள். உட்புறம் தேய்த்தாள், வெளிப்புறம் தேய்த்தாள், அடிக்கரியையும் சுரண்டினாள். கழுவி, துடைத்து, கவிழ்த்து வைத்தாள். கசப்பு வாசம் மரக்குற்றியடியில் வந்து நின்றது. உள்ளே வரவில்லை. வழமைபோல அங்கேயே, அனுப்பிய இடத்தில், பேசாமல் நின்றது. அவள் தொலைபேசியை எடுத்தாள்.

"அக்காவோ?" என்றாள் கஜானி. பதினாறு மாதத்தில் முதல் அழைப்பு.

"நடுக் கிடாரம் அடிப்பிடிக்குது. விறகை இழு."

"எனக்கு ஒண்டும் மணக்கேல்லையே அக்கா."

"உனக்கு எப்பிடி மணக்கும்? அது இஞ்சையெல்லோ வந்து நிக்குது! அகப்பையைப் போடாதை. கிளறினியோ, எல்லாம் நாசம். மேலாலை அள்ளி மற்றதுக்குள்ளை மாத்து. அடியைத் தொடாதை."

"ஓம் அக்கா. ஓம்."

"என்ன ஓம்? அள்ளுறியோ, என்னோடை கதைச்சுக்கொண்டு நிக்கிறியோ? போனை ஆரிட்டையாவது குடன்!"

தொலைபேசியைத் தாரிகா வாங்கிப் பிடித்தாள்; மணப்பெண் பட்டுச் சேலையோடு அடுப்படியில் நின்றதை உறவினர்கள் நெடுநாள் சொல்லிச் சிரித்தார்கள். இருபது பேருக்கான இறைச்சி கிடாரத்தின் அடியோடு போனது. அந்த இருபது பேரின் பங்கு தாச்சி கழுவிய நேரத்துக்கு உரியது என்பது குணலட்சுமிக்குத் தெரியும். மிச்சம் தப்பியது. எல்லாம் அடங்கிய பிறகு, சரக்குப் போடும் நேரம் வந்தது.

"சரக்கு எப்ப போடுறனீ?" என்று குணலட்சுமி கேட்டாள்.

"நீங்கள் போடுற நேரம்தான்."

"நீ ஒருநாளும் பாக்கேல்லையே."

"மணந்தது அக்கா," என்றாள் கஜானி. "மரத்தடியிலை நிண்டால் நல்லா மணக்கும்."

குணலட்சுமி பின்கதவை அகலத் திறந்துவிட்டாள். அன்று முதல் வாசம் குற்றியடியில் காத்து நிற்பதில்லை. பின்வளவைக் கடந்து நேரே உள்ளே வருகிறது. கரவெட்டிக்கு அது திரும்பவில்லை, கரவெட்டிக்காரர்களும் பழகிவிட்டார்கள். பெரிய ஓடர் என்றால் கஜானி அடுப்புப் பக்கத்தில் தொலைபேசியைத் திறந்து வைத்துவிட்டுச் சமைக்கிறாள்; தீயைக் குறை, புளி காணாது, இப்ப இறக்கு என்று திருநெல்வேலியிலிருந்து குரல் வருகிறது. அந்தக் குரலில் கனிவு இருப்பதாகக் கேட்டவர்கள் எவரும் சொல்லவில்லை. சனிக்கிழமை வகுப்பில் சரக்குப் போடும் நேரத்தில் மணப்பெண்கள் உள்ளேயே நிற்கிறார்கள். கைத்தொலைபேசிகளை மட்டும் குணலட்சுமி வாங்கி வெளியே வைத்துவிடுகிறாள். பார்சல் எடுக்க வருபவர்களுக்காக வாசலில் ஒரு பலகை தொங்குகிறது. அதில் இங்கே என்ன கறி, கரவெட்டியில் என்ன கறி என்று தினமும் இரண்டு வரி எழுதப்படுகிறது. போன விரிவுரையாளர் திரும்பி வந்தார். பொறாமை போகவில்லை. கஜானியின் கறியில் குற்றம் ஒன்றும் அகப்படாத நாட்களில் குணலட்சுமி சட்டிகளை அடித்து வைப்பாள். தாச்சி கழுவிய கதையை அவள் நடராசாவுக்கு மட்டும் சொன்னாள். அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, "ஒரு தாச்சிதானேயப்பா கழுவினனீ, ரெண்டு கழுவேல்லையே" என்றார்.

போன கிழமை அவர் மதியம் வீட்டுக்கு வந்து, படலையைத் திறந்து, பலகையைப் பார்க்காமலே மூக்கை உயர்த்தினார். "இஞ்சேரப்பா, கரவெட்டியிலை இண்டைக்கு என்ன, கணவாயோ?"

"ஓம், கணவாய்."

"எங்களுக்கு?"

"பருப்பும் கோவாவும். கையைக் கழுவிக்கொண்டு வாங்கோ."

அவர் தட்டை வாங்கிக்கொண்டு பின்வளவுக்குப் போனார். குற்றியின் வேரிலிருந்து ஏழெட்டுக் கன்றுகள் கிளம்பி முழங்காலளவு நின்றன. குணலட்சுமியும் தன் தட்டை எடுத்துக்கொண்டு பின்னால் போய், மற்ற முக்காலியில் இருந்தாள். இருவரும் பருப்பைப் பிசைந்து, கணவாயை மூச்சில் இழுத்துச் சாப்பிட்டார்கள்.

"மிளகு கூடிப்போச்சு," என்றாள் குணலட்சுமி. அவள் முகத்தில் அப்படியொரு திருப்தி.