மூன்று வண்டிக்கும் ஒரே எடை

"ஏம்மா, உங்க கம்ப்யூட்டருக்குச் சொந்தபந்தமெல்லாம் உண்டா?"

மூன்றாம் வண்டி ஓட்டும் மீசைக்காரர் கேட்டதும் பார்சல் கிடங்கே சிரித்தது. அவளுக்குத்தான் முகம் சிவந்துவிட்டது.

அன்றைக்கு வந்த பார்சல்களை மூன்று வண்டிக்கும் ஒரே எடை வருகிறமாதிரி பிரிக்கும் புரோகிராமை எழுதியவள் அவள். எடை கிராம் பிசகாது. ஆனால் அது பெரிய பெட்டியில் ஆரம்பித்து, முதல் வண்டியிலிருந்து நிரப்பிக்கொண்டே போகும். அதனால் முதல் வண்டிக்குக் கனமான பெட்டி இரண்டு. மூன்றாம் வண்டிக்குப் பொடிப்பொடியாகப் பதினொன்று. இரண்டு வாசல் ஏறி இறங்குகிறவனும் பதினொரு வாசல் ஏறி இறங்குகிறவரும் ஒன்றா? எழுதும்போது அது அவளுக்குத் தோன்றவே இல்லை.

போதாக்குறைக்கு, முதல் வண்டி ஓட்டுவது அவள் கொழுந்தன்.

"எண்ணிக்கையும் சமமா வரணும்னா பல நாள் பிரிக்கவே முடியாது சார்," என்று மேனேஜரிடம் சொல்லிப் பார்த்தாள்.

"அதெல்லாம் எனக்கு வேண்டாம். நாளைக்கும் சண்டை வந்தா உன் புரோகிராமும் வேண்டாம், நீயும் வேண்டாம்."

வீட்டுக்கு வந்ததும் கொழுந்தனைப் பிடித்தாள். "நாளையிலேருந்து கம்ப்யூட்டர் மூணு பங்கு மட்டும்தான் போடும். யாருக்கு எதுன்னு நீங்களே எடுத்துக்கணும். மீசை முதல்ல, நீ கடைசி. மூச்சு விடக்கூடாது."

"சரி அண்ணி."

சாப்பாட்டில் உப்பு குறைந்தாலே அரைமணி நேரம் வாதாடுகிறவன்! இவ்வளவு லேசில் சரி என்றது அவளுக்கு உதைத்தது.

காலையில் மூன்று பங்கும் தரையில் தனித்தனியாக இருந்தன; அன்றைக்கும் ஒன்றில் பெரிய பெட்டி இரண்டு, இன்னொன்றில் பொடிப்பொடியாகப் பதினொன்று. மீசைக்காரர் இரண்டு பெட்டிப் பங்கைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி பெட்டியைப் பார்த்தார்.

"இவ்வளவு தாராளமா தூக்கிக் குடுக்கறீங்களே... வேண்டாம்மா. எனக்கு என் பதினொண்ணே போதும்."

இரண்டாம் வண்டிக்காரரும் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு நடுப் பங்கை எடுத்துக்கொண்டார். மிச்சம் இருந்தது அந்த இரண்டு பெட்டி.

"அவங்களே எடுத்தாச்சு. இனி எவனும் வாயத் திறக்கக் கூடாது," என்றார் மேனேஜர். அவள் வேலை தப்பித்தது.

கொழுந்தன் சீட்டியடித்தபடி பெட்டியை ஏற்றினான். அவள் வண்டியருகே போனாள்.

"அவங்ககிட்ட என்னடா சொன்ன?"

"நானா? ஒண்ணுமில்ல அண்ணி. டீ குடிக்கறப்போ, பெரிய பெட்டி ரெண்டும் நாலாவது மாடிக்குப் போகுது, அங்க லிப்ட் ரிப்பேர்னு பேச்சுவாக்குல..."

"ரிப்பேரா?"

"நேத்துகூட அதுலதான் போனேன். ஜம்முனு ஓடுது."

சிரித்தான். நேற்றுவரை அவர்கள் பட்டது வீண் சந்தேகம். இன்றைக்கு அது வீணில்லை. வாயை மூடிக்கொண்டால் அவளும் அதில் கூட்டு. சொன்னால், மேனேஜர் ஜன்னலிலேயே நிற்கிறார்.

மீசைக்காரர் வண்டியைக் கிளப்பிவிட்டார். அவள் கொழுந்தனின் சாவியைப் பிடுங்கிக்கொண்டு கேட்டை நோக்கி ஓடினாள்.

"அண்ணே, நிறுத்துங்க! லிப்ட் நல்லாத்தான் இருக்கு! இறங்கி வந்து மறுபடி எடுங்க!"