வேதவல்லி முறைத்த படம்

கணினிக்காரர்கள் ‘டீப் லேர்னிங்’ என்கிற ஆழக் கற்றல் என்பதால் படத் தேடல் நிலையத்தைக் கிணற்றுக்குள் வைத்திருந்தார்கள். எத்திராஜுலு வாளியில் உட்கார்ந்து இறங்கினார்.

மறுநாள் அவர் மனைவி வேதவல்லிக்குக் காரியம். மாலைக்குச் சொல்லியாயிற்று, சட்டமும் வந்தாயிற்று, படம்தான் இல்லை. கேமராவைக் கண்டாலே கண்ணை மூடிவிடுகிற ஜென்மம் அவள். இருந்த படங்களில் எல்லாம் தூங்கினாள். கண் மூடிய படத்தை மாட்டக் கூடாது என்று மைத்துனன் சொல்லிவிட்டான்.

இயக்குநர் முனைவர் அகத்தியராஜன் கழுத்தளவு தண்ணீரில், கோட்டு அணிந்து, வரவேற்றார்.

“உலகில் எடுத்த அத்தனை படமும் எங்களிடம் உண்டு. யாரோ ஒருவர் படத்தின் ஓரத்தில் உங்கள் மனைவி கண்டிப்பாக நிற்பார். மாதிரிக்கு ஒன்று கொடுங்கள்.”

கொடுத்தார். தண்ணீருக்கடியில் முதல் அடுக்கில் இருந்தவருக்குக் கோடுகள் மட்டும் தெரியும். வகிட்டைத் தடவிப் பார்த்துவிட்டுக் கீழே அனுப்பினார். அடுத்த அடுக்குக்காரருக்கு வளைவுகள். புருவம், தோடு என்று முனகிவிட்டு இன்னும் கீழே அனுப்பினார். முழு வேதவல்லியை ஒருவருக்கும் தெரியவில்லை. எத்திராஜுலுவுக்கு இதில் வியப்பில்லை. சொந்தக்காரர்களும் அப்படித்தான்.

வாளியில் முடிவுகள் ஏறி வந்தன. தூங்கும் குழந்தை. தியானத்தில் ஒரு சாமியார். பாராட்டு விழா மேடையில் முனைவர் அகத்தியராஜன், அசந்து தூங்கியபடி.

“எல்லாம் கண்ணை மூடினதாவே இருக்கே சார்?”

“அதைத்தான் அது கற்றிருக்கிறது. துல்லியம் அபாரம்.” மேடைப் படத்தை மட்டும் இயக்குநர் தண்ணீருக்குள் அமுக்கினார்.

“கண்ணைத் தொறந்த மாதிரி தேடக் கூடாதா?”

“திறந்தால் அவர் வேறு ஆளாகிவிடுவார்.”

கடைசி அடுக்கிலிருந்து ஒரு பெண் குரல் குமிழியிட்டது. “அண்ணே, நான் பிலோமினா, அடியில இருக்கேன். அவங்க எதைப் பாத்தா கண்ணைத் தொறப்பாங்க?”

“என்னைப் பாத்தாத்தாம்மா. முறைக்கறதுக்கு.”

“அப்ப உங்க மூஞ்சியக் குடுங்க. முறைப்பு வாங்குற மூஞ்சி.”

எத்திராஜுலு யோசிக்கவே இல்லை. சர்க்கரை வியாதிக்காரர். பாயசத்தோடு பிடிபடுகிற முகம் தானாக வந்தது. கிணறு ஒருமுறை பளிச்சென்று மின்னியது.

வாளி ஏறி வந்தது. யாரோ வீட்டுக் கல்யாணப் பந்தி. நடுவில் யாரோ மாப்பிள்ளை, பெண்ணுக்கு ஜாங்கிரி ஊட்டுகிறான். ஓரத்தில் எத்திராஜுலு, இன்னொரு பாயசம் கேட்டபடி, அதே முகம். பக்கத்தில் வேதவல்லி. இரண்டு கண்ணும் அகலத் திறந்து, அவரையே பார்த்தபடி.

“ஐயோ, இவதான்” என்றார். கிணற்று நீர் கொஞ்சம் உயர்ந்தது. இயக்குநரின் வாய்வரை வந்ததால் அவர் பேச்சை நிறுத்தினார்.

மறுநாள் அவளை மட்டும் வெட்டிச் சட்டத்தில் போட்டு, மாலை சாத்தினார்கள்.

“அக்கா ஏன் மாமா ஒரு பக்கமாவே பாக்குது?” என்றான் மைத்துனன்.

“நான் அங்கதான் சாப்பிட உக்காரப்போறேன்.”

இலையில் பாயசம் வரும் நேரத்தில் எத்திராஜுலு நைசாக எதிர் வரிசைக்கு மாறினார். ஆணியில் படம் மெல்லத் திரும்பியது.

“ஒரே ஒரு கரண்டி” என்றார் படத்திடம்.

வேதவல்லி கொஞ்ச நேரம் முறைத்தாள். பிறகு, கேமராவுக்கு மூடுகிற மாதிரியே, கண்ணை மூடிக்கொண்டாள்.

“சீக்கிரம் ஊத்துப்பா” என்றார் எத்திராஜுலு. “தொறந்துடுவா.”