வாத்தியார் முடி வளர்க்கிறார்

கணக்கு வாத்தியார் முடி வளர்க்கிறார் என்று எதிர்க்கடைத் தையல்காரர் வந்து சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். பன்னிரண்டு வருஷமாக மூன்று வாரத்துக்கு ஒருமுறை, சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, என் சலூனில் முதல் நாற்காலியில் வந்து உட்காருகிற மனிதர் அவர். "வழக்கம்போல" என்று ஒரே வார்த்தை சொல்வார். காதைச் சுற்றி ஒட்ட வெட்டு, பிடரியில் நேர்கோடு, இடப்பக்க வகிடு. நான் முடிக்கிறவரை ஒரு தும்மல்கூடப் போடமாட்டார். அவர் ஐம்பத்திரண்டு வயதில் முடி வளர்க்கிறார் என்றால், நானும் சர்க்கஸில் சேர்ந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

மறுநாளே என் கண்ணால் பார்த்தேன். பள்ளிக்கூடத்துக்குப் போகிறவர், எங்கள் கடை நெருங்கியதும் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறினார். காது பாதி மறைந்திருந்தது. நெற்றியில் விழுந்த முடியைக் கையால் தள்ளிக்கொண்டே, குனிந்த தலை நிமிராமல் போனார். இரண்டு தவணை வராததற்குக் காய்ச்சல் என்று நானாகவே ஒரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். காய்ச்சல்காரன் என்னைப் பார்த்து ரோட்டைத் தாண்டி ஓடமாட்டான்.

எனக்குச் சந்தேகம் கொஞ்சம் அதிகம், அதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். "நீங்க போலீஸ்ல சேர்ந்திருக்கணும். போலீஸ் தப்பிச்சுது" என்பாள் என் மனைவி. ஆனால் அந்தச் சமயத்தில் எனக்கு நடந்ததெல்லாம் உங்களுக்கு நடந்திருந்தால் நீங்களும் சந்தேகப்பட்டிருப்பீர்கள். சாணை பிடிக்கிறவர் என் நல்ல கத்தரியைக் கெடுத்துக் கொடுத்தார். வெட்டவேண்டிய இடத்தில் நிற்காமல் நழுவியது. அவரோடு சண்டை போட்டுவிட்டுப் புதுக் கத்தரி வாங்கினேன். அதுவும் அப்படியே. மட்டமான சரக்கை என் தலையில் கட்டிவிட்டார்கள். முதல் நாற்காலி ஸ்குரூ கழன்று ஆடுகிறது என்று ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் ஏறி உட்கார்ந்து, இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஆடவே இல்லை என்று சாதித்தார். ஆளாளுக்கு ஏமாற்றுகிறார்கள் என்றால் நான் என்னதான் செய்வது?

வாத்தியார் கடைசியாக வந்த அன்றுகூட ஒரு சின்ன விஷயம் நடந்தது. அவர் தலையை அசைத்துவிட்டார், காதுமடலில் லேசான கீறல். ஒரு சொட்டு ரத்தம். படிகாரம் தடவினேன். "நான்தான் அசைஞ்சுட்டேன்" என்று அவரே சொன்னார். அத்தோடு முடிந்த விஷயம் அது.

வாத்தியாரோடு நிற்கவில்லை. அடுத்த மாதம் மருந்துக்கடைக்காரர் வளர்க்க ஆரம்பித்தார். முன்னால் வழுக்கை, பின்னால் மட்டும் முடி என்கிற தலை அவருடையது. அதை வளர்த்து என்ன சாதிக்கப்போகிறார் என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு லிஃப்ட் மெக்கானிக். மூன்று பேரும் என் நாற்காலி ஆட்கள். பக்கத்து நாற்காலியில் என் மனைவியின் தம்பி வெட்டுகிறான். அவனிடம் வருகிறவர்கள் ஒருவர்கூட முடி வளர்க்கவில்லை. அவர்களெல்லாம் நாள் தவறாமல் வந்து, வெட்டிக்கொண்டு, பளிச்சென்று போனார்கள். இது என்ன நியாயம்?

ஒருநாள் காய்கறிக் கடை வரிசையில் வாத்தியாரை மடக்கினேன். எனக்கு முன்னால் நின்றிருந்தார்.

"என்ன வாத்தியாரே, ஆளையே காணோம்?"

தூக்கிவாரிப் போட்டது அவருக்கு. கையிலிருந்த வெள்ளரிக்காயைக் கூடையிலேயே போட்டுவிட்டார்.

"ஒண்ணுமில்ல... கொஞ்சம் வளர்த்துப் பார்க்கலாம்னு."

"எதுக்கு?"

"சும்மா. ஒரு ஆசை."

"வீட்ல ஒண்ணும் சொல்லலையா?"

"சிரிக்கிறாங்க."

"ஸ்கூல்ல?"

"அங்கயும் சிரிக்கிறாங்க" என்றார். ஆசைப்பட்டு எதையோ செய்கிறவர் முகம் அது இல்லை. கடன்காரனிடம் மாட்டிக்கொண்டவர் மாதிரி விழித்தார். பிறகு திரும்பி, வெள்ளரிக்காயை மறுபடி எடுத்து எடைபோடக் கொடுத்தார். அப்போதுதான் அவர் பிடரியைப் பார்த்தேன். எனக்கு மூக்கில் வியர்த்தது.

விஷயம் இதுதான். குட்டை முடியை நீளமாக வளர்க்கிறவன் கத்தரிக்கு முழுக்குப் போட முடியாது. சொல்லப்போனால் அவனுக்குத்தான் கத்தரி அதிகம் வேண்டும். உச்சி முடி கீழே வந்து சேர ஒரு வருஷம் ஆகும். அதற்குள் பிடரி முடி சட்டைக் காலருக்குள் போய்விடும், காதோர முடி குடையாக விரியும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை பின்னால் மட்டும் ஒதுக்கி, பக்கத்தில் அடர்த்தியைக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். இல்லையென்றால் நாலு மாதத்தில் ஆள் அகதி மாதிரி ஆகிவிடுவான். வாத்தியாருக்கு நாலு மாதம் ஆகிவிட்டது. அவர் பிடரியோ படு சுத்தமாக இருந்தது. யாரோ வெட்டுகிறார்கள்.

யார் என்பதும் எனக்குத் தெரிந்துவிட்டது. பிடரிக் கோட்டை நான் இரண்டு முனையிலும் சதுரமாக நிறுத்துவேன். என் மைத்துனன் முனைகளை லேசாக வளைத்துவிடுவான். "இது என்ன கிண்ணமா, தலையா?" என்று அவனை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். வாத்தியார் பிடரியில் இரண்டு முனையும் அழகாக வளைந்திருந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த ஆரம்பித்தது. வார விடுமுறைக்கு முந்தின மாலை, மைத்துனன் தன் கத்தரிப் பையைக் கையோடு வீட்டுக்கு எடுத்துப் போகிறான். முன்பெல்லாம் கடையிலேயே வைத்துவிட்டுப் போவான். இரண்டு தெரு தள்ளி ஒரு கடை காலியாகக் கிடந்தது. அந்த வாரம்தான் அங்கே வாடகைப் பலகையை எடுத்தார்கள். வீட்டுக்குள் நான் நுழைந்தால் என் மனைவி போனை அவசரமாக வைக்கிறாள்.

"யாரு?"

"தம்பிதான்."

"என்னவாம்?"

"சும்மா."

இந்தச் 'சும்மா'வை எல்லோரும் சேர்ந்து எனக்கென்றே கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று தோன்றியது. கூடப்பிறந்தவனுக்குத் தனிக்கடை வைத்துக் கொடுக்க அக்கா திட்டம் போடுகிறாள். என் ஆட்களை இப்போதே ஒவ்வொருவராகக் கழற்றுகிறார்கள். என் கடையில் வெட்டவில்லை என்று வெளியே தெரியாமலிருக்க, வளர்க்கிறேன் என்று ஒரு சாக்கு. படித்த மூளை இல்லாமல் இந்த யோசனை வந்திருக்காது.

மைத்துனன் தனியே போவதாக இருந்தால் போகட்டும், கை கால் உள்ளவன், பிழைத்துக்கொள்வான். வாத்தியார் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை. தன் அம்மா இறந்த செய்தியை அவர் முதலில் சொன்னது என் நாற்காலியில் உட்கார்ந்துதான். கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னார். நானும் கண்ணாடியைப் பார்த்தே பதில் சொன்னேன். அப்படி இருந்த மனிதர் என்னைக் கண்டு ரோட்டைத் தாண்டுகிறார். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு அந்தக் காலி நாற்காலியைத் துண்டால் தட்டிவிட்டுக்கொண்டு நிற்பேன்.

விடுமுறை நாளில், யாரிடமும் சொல்லாமல், மைத்துனன் வீட்டுக்குப் போனேன். மூன்றாம் மாடியில் கதவு பூட்டியிருந்தது. மேலே மொட்டை மாடியிலிருந்து கத்தரிச் சத்தம் வந்தது. நிற்காமல், தடுமாறாமல், ஒரே சீராக. படியேறும்போதே எனக்கு மூச்சு வாங்கியது. கையும் களவுமாகப் பிடிக்கப்போகிறேன் என்ற சந்தோஷம்கூட இருந்தது.

பிளாஸ்டிக் நாற்காலியில் வாத்தியார். கழுத்தைச் சுற்றிப் பழைய படுக்கை விரிப்பு. பின்னால் என் மைத்துனன். கைப்பிடிச் சுவரோரம் தன் முறைக்காகக் காத்திருந்த மருந்துக்கடைக்காரர்தான் என்னை முதலில் பார்த்தார். பார்த்ததும் செய்தித்தாளை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

"கடை எப்போ திறக்கிற?" என்று கேட்டேன்.

மைத்துனன் கத்தரியை நிறுத்தினான். "என்ன கடை அத்தான்?"

"ரெண்டு தெரு தள்ளி போர்டை எடுத்தாங்களே, அந்தக் கடை. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? என் கடையில நின்னுக்கிட்டே என் ஆளுங்களை இழுக்கிற. அக்காவும் தம்பியும் சேர்ந்து நல்லாத்தான் போடுறீங்க திட்டம்."

"அங்க செருப்புக்கடை வருது" என்று செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"உங்களைக் கேக்கல."

வாத்தியார் விரிப்போடு எழுந்திருக்கப் பார்த்து, கால் சிக்கி, மறுபடி உட்கார்ந்தார். "அவரைத் திட்டாதீங்க. நான்தான் கெஞ்சிக் கேட்டேன். பின்னாடி வால் மாதிரி தொங்க ஆரம்பிச்சிடுச்சு. பசங்க பேர் வச்சுட்டாங்க. ஹெட்மாஸ்டர் ரூமுக்குக் கூப்பிட்டே சொல்லிட்டார்."

"அப்போ கடைக்கு வந்து வெட்டிக்கிறதுதானே? என் நாற்காலி கசந்துபோச்சுன்னா பக்கத்துலயே இவன் நாற்காலி இருக்கு."

"உங்க கண்ணு முன்னாடியா?" என்றார் வாத்தியார்.

எனக்கு அது புரியவில்லை. "வேற கடைக்காவது போயிருக்கலாமே."

"பன்னிரண்டு வருஷத்துக்கு அப்புறமா? பிறகு உங்க முகத்துல எப்படி முழிக்கிறது? வெட்டவே வேணாம், வளர்க்கிறேன்னு சொல்லிட்டா யார் மனசும் நோகாதுன்னு நினைச்சேன். வளர்க்கிறவன் எங்கயும் போகலைதானே."

"அப்படி என் நாற்காலியில என்ன முள்ளா இருக்கு?"

செய்தித்தாள் காற்றில் படபடத்தது. மைத்துனன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"அத்தான், உங்க கை."

"கைக்கு என்ன?"

"நடுங்குது அத்தான். ஆறு மாசமா. அக்கா உங்களுக்கு டீயை அரை டம்ளர்தான் ஊத்துறா, கவனிக்கலையா? முழுசா ஊத்தினா சட்டையில கொட்டிக்கிறீங்க. தினம் எனக்குப் போன் பண்றா, இன்னைக்கு யாரையாவது கீறிட்டாரான்னு. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகணும்னு பேசிக்கிட்டே இருக்கோம். யார் வாயைத் திறக்கிறதுன்னுதான் தெரியல."

எனக்கு வந்த கோபத்தில் காது அடைத்தது. இதையும் எல்லோரும் சேர்ந்து பேசிவைத்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது. முப்பது வருஷமாகப் பிடித்த கத்தரி. ஆயிரம் குழந்தைகளுக்கு, அழுது புரண்ட குழந்தைகளுக்கு, ஒரு கீறல் இல்லாமல் வெட்டிய கை. அதைப் பார்த்து இவன் சொல்கிறான்.

"கத்தரியை இப்படிக் கொடு."

"அத்தான்..."

"கொடுடா."

கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றான். நான் வாத்தியார் பின்னால் போய் நின்றேன். அவர் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். எழுந்து போயிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை.

"வெட்டுங்க" என்றார். "வழக்கம்போல."

சொல்லிவிட்டு எப்போதும் போலத் தலையைக் குனிந்து கொடுத்தார். காதோர முடியைச் சீப்பால் தூக்கிப் பிடித்தேன். நல்ல முடி, ஐந்து மாதத்தில் காதை முழுக்க மூடியிருந்தது. அந்தக் கீறலின் காரணத்தை என்னிடம் சொல்லாமலிருக்க, ஒரு கணக்கு வாத்தியார் வகுப்புப் பிள்ளைகளிடம் கேலி வாங்கி, தலைமையாசிரியரிடம் பேச்சு வாங்கி வளர்த்த முடி. அவர் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஆனால் கத்தரியை விட மனசு வரவில்லை. ஒரே ஒரு வெட்டு, சுத்தமாக ஒரு வெட்டு விழுந்துவிட்டால் போதும் என்றிருந்தது.

கத்தரியைக் காதருகே கொண்டுபோனேன்.

விரிப்புக்குள்ளிருந்து வாத்தியாரின் வலது கை மெதுவாக வெளியே வந்தது. மேலே வந்து, தன் காதை உள்ளங்கையால் மூடிக்கொண்டது. அவர் தெரிந்து செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. கண்ணை மூடியிருந்தார். தோள் இரண்டும் கழுத்தை நோக்கி ஏறியிருந்தன. கத்தரி நுனி அவர் விரல் முட்டிகளுக்கு மேலே துடித்துக்கொண்டிருந்தது. என் மணிக்கட்டை இடது கையால் பிடித்துப் பார்த்தேன். அப்போதும் துடித்தது.

குற்றம் சொல்ல ஆள் தேடினேன். யாரும் கிடைக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

"மச்சான்," என்றேன், "நீ முடிச்சுடு. காது தெரியற மாதிரி வெட்டு. அவருக்கு அதான் பிடிக்கும்."

அவன் வந்து கத்தரியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். அதற்குப் பிறகுதான் வாத்தியார் காதிலிருந்து கையை எடுத்தார்.