கைப்பிடிச் சுவரில் ஒரு குமிழ்

தலையில் தொப்பி, கழுத்தில் விசில், இடுப்பில் அளவு நாடா, முதுகில் கடகடவென்று சத்தம் போடும் ஒரு பை. பஸ்ஸிலிருந்து இறங்கிய கணவரைப் பார்த்தபோது, வாடகைக்கு எடுத்த வேஷத்தைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்ட ஆள் மாதிரி இருந்தது நர்ஸம்மாவுக்கு. விசில் எதற்கு என்று ஒரு தடவை கேட்டிருக்கிறாள். வழி தவறினால் ஊதுவதற்காம். மெயின் ரோட்டில் வழி தவறுகிற மனிதரை அவள் அதுவரை பார்த்ததில்லை.

அவர் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். வருகிறவர்களுக்கெல்லாம் பார்வையைச் சரி செய்து அனுப்புகிறவருக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தால் மட்டும் கண் எங்கோ போய்விடும். நில அளவைக்காரர்கள் எந்தக் காலத்திலோ பாலத்திலும் பாறையிலும் பதித்துவிட்டுப் போன பித்தளைக் குமிழ்களைத் தேடிக் கிளம்பிவிடுவார். கடல் மட்டத்திலிருந்து அந்த இடம் எவ்வளவு உயரம் என்பதற்கு அந்தக் குமிழ் அடையாளம். கண்டுபிடித்தால் என்ன கிடைக்கும்? ஒன்றும் கிடைக்காது. படம் எடுக்கலாம். இவரைப் போலவே வேலையற்ற இன்னும் சில பேருக்கு அனுப்பலாம். அவர்கள் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவார்கள். அவ்வளவுதான்.

இன்றோடு அதற்கும் ஒரு முடிவு வரப்போகிறது என்பதால்தான் அவள் முணுமுணுக்காமல் கிளம்பி வந்திருந்தாள்.

போன வாரம் அவளுடைய அண்ணன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது பேச்சு வந்தது. அண்ணன் லாரி ஓட்டுகிறவர். வாய்க்கு மட்டும் பிரேக் கிடையாது.

"என்ன மாப்பிள்ளை, அந்தப் பாலத்தையே சுத்திச் சுத்தி வர்றீங்களாம்? பேசாம வீட்டு விலாசத்தையும் அங்கயே மாத்திடுங்க."

"கிடைச்சிடும் மச்சான். அங்கதான் எங்கயோ இருக்கு."

"அடுத்த ஞாயிறும் கிடைக்கலேன்னா?"

"விட்டுடறேன். பையோட உங்ககிட்ட கொடுத்துடறேன். சாமான் போட்டுக்க ஆகும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் அவர் சொன்னால் சொன்னதுதான். கல்யாணத்துக்கு முன்னால் விட்ட சிகரெட்டை இன்றுவரை தொட்டதில்லை.

நர்ஸம்மாவுக்கு எலும்பு முறிவு வார்டில் வேலை. வாரம் முழுக்க நின்ற கால். ஞாயிறு ஒரு நாள் திரையை இழுத்துவிட்டுப் படுக்க வேண்டும், யாரும் கூப்பிடக்கூடாது என்பதற்கு மேல் அவளுக்கு ஆசை எதுவும் இல்லை. தனியாகப் போகச் சொல்லலாம்தான். ஒரு முறை தனியாகப் போய் முள்கம்பியில் கையைக் கிழித்துக்கொண்டு வந்து நின்றார். அதிலிருந்து துணைக்கு இவளும் அலைகிறாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு வேண்டிக்கொண்டாள். 'கடவுளே, பெரிசா எதுவும் கேக்கல. இன்னிக்கு மட்டும் அது கிடைக்காம இருக்கட்டும்.'

இப்படி ஒரு வேண்டுதல் மேலே போய்ச் சேருமா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. சேரும். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்கிறான். கொடுக்கும் விதம்தான் அவனுடைய இஷ்டம்.

பாலம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கால்வாயைத் தாண்ட ரோட்டுக்கு அடியில் ஒரு வளைவு, இரண்டு பக்கமும் உட்காரும் உயரத்தில் கைப்பிடிச் சுவர். 'இடப்பக்கச் சுவரின் மேல்' என்று அளவைக்காரர்களின் பழைய குறிப்பு சொன்னது. பஸ்ஸிலிருந்து இறங்கிப் பாலத்தை நோக்கி நடக்கும்போது இடப்பக்கம் இருந்ததோ புதிதாகக் கட்டிய சிமெண்ட் சுவர். அதனால் பழைய சுவர் இடிந்தபோது குமிழ் பதித்த கல் கீழே சரிந்து மண்ணுக்குள் கிடக்கிறது என்பது அவருடைய முடிவு.

"இந்தப் பக்கத்துச் சுவர் பழசாத்தானே இருக்கு? இதையும் ஒரு தடவை பாருங்களேன்" என்று முதல் தடவை வந்தபோதே வலப்பக்கத்தைக் காட்டிச் சொன்னாள்.

"அளவைக்காரங்க தப்பா எழுத மாட்டாங்கம்மா" என்று சின்னக் குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை.

இன்றும் அவர் இடப்பக்கச் சரிவில் இறங்கி, கம்பியால் குத்திப் பார்த்து, கரண்டியால் தோண்ட ஆரம்பித்தார். சைக்கிளில் வந்த பால்காரர் காலை ஊன்றி நின்றார்.

"என்ன சார், தங்கமா?"

"இல்லைங்க. கடல்லேந்து இந்த இடம் எவ்வளவு உயரம்னு காட்டற அடையாளம்."

"கடல் இவ்வளவு தூரம் வராது சார், பயப்படாதீங்க" என்று தைரியம் சொல்லிவிட்டுப் பால்காரர் போய்விட்டார். நர்ஸம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்த மனிதருக்கு வாழ்க்கைப்பட்டதை வழியில் போகிறவர்களுக்கெல்லாம் விளக்க வேண்டியிருக்கிறதே!

வலப்பக்கச் சுவரின் மேல் மர நிழல் விழுந்திருந்தது. பாசி படிந்த பழைய கல். கைக்குட்டையை விரித்து உட்கார்ந்து, பிளாஸ்கைத் திறந்து மூடியில் டீ ஊற்றிப் பக்கத்தில் வைத்தாள். மூடி சாய்ந்தது. பாதி டீ புடவையில் கொட்டியது.

"சனியன்" என்று திட்டிக்கொண்டே வேறு இடத்தில் வைத்தாள். பிறகு, சமமாகத் தெரிகிற கல்லில் மூடி ஏன் சாய வேண்டும் என்று பாசியை நகத்தால் சுரண்டினாள். அடியில் கல் இல்லை. மங்கிய மஞ்சள். வழவழவென்று, சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாக, மேல்நோக்கி உப்பிய ஒரு குமிழ். அதைச் சுற்றி தேய்ந்துபோன எழுத்துகள்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் தொப்பி மட்டும் மேலும் கீழும் போய்வந்துகொண்டிருந்தது.

கைப்பையை எடுத்துக் குமிழின் மேல் வைத்தாள்.

பொய் சொல்லப்போவதில்லையே, பேசாமல் இருக்கப்போகிறோம், அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டாள். அந்தச் சமாதானம் நன்றாகத்தான் இருந்தது. இழுத்துவிட்ட திரையும் இருட்டறையும் தலையணையும் கண் முன்னால் வந்தன. ஆனாலும் மூடியிலிருந்த மீதி டீயைக் குடிக்காமல் கால்வாயில் ஊற்றினாள்.

வெயில் ஏறியபின் அவர் மேலே ஏறி வந்தார். முழங்கால் வரை மண்.

"சரிம்மா. இல்ல போலிருக்கு. நீ சொன்ன மாதிரி வீண் வேலைதான்." முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "உங்கண்ணன்கிட்ட பையைக் கொடுத்துடலாம்."

"கிளம்புங்க, பஸ் வந்துடும்."

"இரு, குழியை மூடிட்டு வர்றேன்."

அவளுக்கு மிகவும் எரிச்சலூட்டுவது இதுதான். தோண்டுவதற்கு ஆகிற நேரத்தைவிட மூடுவதற்கு அதிக நேரம் ஆகும். எடுத்த மண்ணைத் திரும்பப் போட்டு, காலால் அழுத்தி, பெயர்த்த புல்லைக் கட்டி கட்டியாக மேலே பதித்து, பாட்டில் தண்ணீரையும் அதன்மேல் ஊற்றுவார்.

"இனிமே இங்க வரவே போறதில்ல. யாரு பார்க்கப் போறா? விட்டுட்டு வாங்க!"

"இந்தச் சரிவுல ஆளுங்க மாடு ஓட்டிட்டு இறங்கறாங்கம்மா. யாராவது கால வச்சா என்னாகும்? அப்புறம் உன் வார்டுலதான் வந்து படுக்கணும்."

வார்டின் கடைசிக் கட்டிலில் ஒரு பூக்காரி இருந்தாள். குழாய்க்காக யாரோ தோண்டி மூடாமல் போன குழியில் விழுந்தவள். காலுக்குள் தகடு வைத்திருந்தார்கள். 'ஒரு பலகையாவது போட்டு வச்சிருக்கலாமே சிஸ்டர்' என்று ஊசி போடும்போதெல்லாம் சொல்வாள். தோண்டினவன் யாரென்று அவளுக்குத் தெரியாது. அவனுக்கும் இவளைத் தெரியாது.

நர்ஸம்மா சரிவைப் பார்த்தாள். தோற்றுப்போன மனிதர் குந்தி உட்கார்ந்து, முன்பின் தெரியாத யாருடைய காலுக்காகவோ புல்லைத் தட்டித் தட்டி வைத்துக்கொண்டிருந்தார். தொப்பி கோணலாக இருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. வார்டுக்கு அடிபட்டு வருகிறவர்களைத்தான் அவளுக்குத் தெரியும். இப்படி யாரோ குழியை மூடி வைத்ததால் அடிபடாமல், அங்கே வராமல் போனவர்கள் எத்தனை பேர் என்று யாருக்குத் தெரியும்?

பெருமூச்சு விட்டுக் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிளாஸ்கில் மிச்சமிருந்த டீயை மூடியில் ஊற்றினாள்.

"என்னங்க, இங்க வந்து இந்த டீயையாவது குடிச்சிட்டுப் போங்க!"

"இதோ, இன்னும் ஒரு குழி."

"ஆறிடும். வாங்கன்னா வாங்க!"

அப்போதும் அவர் அந்தக் குழியையும் மூடிவிட்டுத்தான் வந்தார். அவள் மூடியைக் கையில் கொடுக்கவில்லை. சுவரின் மேல், இடம் பார்த்து வைத்தாள். அது சாய்ந்தது. டீ கொட்டியது.

"எதை வச்சாலும் இந்தச் சுவர்ல நிக்க மாட்டேங்குது" என்றாள் கடுகடுவென்று.

அவர் குனிந்தார். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். விரலால் குமிழைத் தொட்டார். சுற்றியிருந்த எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினார்.

"அட!" என்றார் கடைசியில். "குறிப்பு எழுதினவன் அந்தக் கோடியிலேருந்து நடந்து வந்திருக்கான்! எனக்கு வலப்பக்கம், அவனுக்கு இடப்பக்கம்!"

"நான் முதல்லயே சொன்னேன்."

"சொன்ன. நான்தான் கேக்கல."

படம் எடுக்கக் கைப்பேசியைத் தூக்கியவர் அப்படியே நின்றார். குமிழைச் சுற்றிப் பாசி ஏற்கெனவே சுரண்டப்பட்டிருந்தது. சுரண்டிய பாசித் தூள் சுவரோரத்தில் காய்ந்து கிடந்தது. அவர் பார்வை மெல்ல அவளுடைய விரல்களுக்கு வந்தது. நகத்தின் இடுக்கில் பச்சை.

அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அவர் கைப்பேசியை இறக்கினார். பாட்டிலை எடுத்து, புல்லுக்கு ஊற்றியது போக அடியில் மிச்சமிருந்த தண்ணீரைக் காட்டி, "கையை நீட்டு" என்றார். அவள் நீட்டினாள். பாசி போகும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார்.

"போதும், போதும். பஸ் வருது பாருங்க" என்றாள் நர்ஸம்மா. "தொப்பியை நேரா போட்டுக்கிட்டு வாங்க. நாலு பேர் பார்க்கறாங்க."