விட்ட இடம்

"பதினொண்ணு புள்ளி நாலு," என்று காற்றில் சொல்லிவிட்டு டீச்சர் தொலைபேசியை எடுத்தார். யாரிடம் சொன்னார் என்று, ஓரமாக நின்று கவனித்துக்கொண்டிருந்த அவளுக்கு முதலில் விளங்கவில்லை. மருத்துவமனை ஆய்வகத்தின் அந்தச் சிறிய அறையில் இரண்டு கணினிகள், இரண்டு நாற்காலிகள், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்புறம் முடிவுச் சீட்டுக்காக நிற்கும் வரிசை. டீச்சருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவள் தன் நாத்தனார் புதிதாக வாங்கிய ஃப்ரிட்ஜைப் பற்றி மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தாள். சட்டென்று நிறுத்திக்கொண்டாள். உதடுகள் மட்டும் அசைந்தன. டீச்சர் ஏதோ ஒரு வார்டுக்கு யாருடைய ரத்த முடிவையோ நிறுத்தி நிதானமாகச் சொல்லி, இரண்டாவது முறையும் சொல்லிவிட்டுப் போனை வைத்ததும், "பதினொண்ணு புள்ளி நாலு" என்று அதைத் திருப்பிக் கொடுத்தாள். டீச்சர் அந்த எண்ணைக் கணினியில் தட்டினார். நாத்தனாரின் ஃப்ரிட்ஜ் நின்ற வார்த்தையிலிருந்தே மறுபடி ஓடியது.

நோட்டில் எழுதிக்கொண்டிருந்த அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. கணினித் திரைகளை வடிவமைப்பது அவள் தொழில். அதிலும், வேலை நடுவே குறுக்கீடு வந்து கவனம் சிதறியவர்கள் விட்ட இடத்துக்குத் திரும்புவது எப்படி என்பதில்தான் பத்து வருடமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறாள். வீட்டில் இது ஒரு கேலிப்பொருள். "நான் கூப்பிட்டா நீ 'ம்' சொல்ல மூணு செகண்ட் ஆகுது, எண்ணிப் பாத்துட்டேன்" என்பாள் மகள். ஆய்வகத்தில் ஒரே வருடத்தில் மூன்று முறை ஒருவர் முடிவு இன்னொருவர் பெயரில் ஏறிவிட்டது. அதனால்தான் அவளை அனுப்பியிருந்தார்கள்.

டீச்சர் எந்தப் பள்ளியிலும் பாடம் எடுத்தவர் அல்ல. டாக்டர்களின் சீட்டில் பிழை கண்டால் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவார், அதனால் அந்தப் பெயர். மற்றவள் ரேடியோ. அதற்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் கையில் ஓர் எண்ணை ஒப்படைத்துவிட்டால் அவள் கல்லாகிவிடுவாள். சில சமயம் எண்ணோடு இன்னொன்றையும் சேர்த்துக் கொடுப்பாள்: "நாலு புள்ளி ரெண்டு... டீச்சர், இந்தாளுக்கு நேத்து ஒம்போது இல்ல?" டீச்சர் சீட்டைத் தூக்கிப் பார்ப்பார். இருவரும் ரத்தக் குப்பியை மறுபரிசோதனைக்கு உள்ளே அனுப்புவார்கள்.

எண்ணை எப்படி ஞாபகம் வைத்துக்கொள்கிறாய், நடுவில் யாராவது சன்னலைத் தட்டினால் என்ன செய்வாய் என்றெல்லாம் அவள் ரேடியோவிடம் கேட்டாள். ரேடியோ சந்தோஷமாகச் சொன்னாள். தன்னிடம் ஒருவர் இவ்வளவு கேள்வி கேட்பது அதுதான் முதல் தடவை என்றாள்.

மூன்று மாதத்தில் திரை தயாரானது. போனை எடுத்த கணமே, பாதி தட்டிய வரி மஞ்சளாக ஒளிர்ந்து நிற்கும். மற்ற வரிகள் மங்கிவிடும். அவசரமில்லாத செய்திகள் வரி முடியும் வரை ஓரமாகக் காத்திருக்கும். ரேடியோ அதைப் பார்த்துவிட்டு, இனி தன் வாய்க்கு முழு விடுதலை, டீச்சர் காதுக்குத்தான் ஆயுள் தண்டனை என்றாள். டீச்சர் சிரித்து அவள் பார்த்தது அன்றுதான்.

ஆறு வாரச் சோதனை. விட்ட இடத்துக்குத் திரும்ப முன்பு பத்தொன்பது விநாடி, இப்போது நான்கு. தட்டும்போதே திருத்த வேண்டிவரும் சின்னப் பிழைகள் பாதியாகக் குறைந்தன. ஒரு நாள் மட்டும் பிழையே இல்லை. மகனின் பள்ளியில் கூப்பிட்டிருந்ததால் ரேடியோ விடுப்பு எடுத்த நாள் அது. டீச்சர் தனியாக இருநூற்றுப் பத்து சீட்டுகளை ஏற்றியிருந்தார். அறிக்கையில் அந்த நாளைத் தனிப் பக்கத்தில் பெரிய படமாகப் போட்டாள். மனிதத் துணை இல்லாமலே திரை தாங்குகிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்று ஏது? அன்று டீச்சர் மதியம் சாப்பிடவில்லை என்பதும், மாலையில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார் என்பதும் அவளுக்குத் தெரியும். பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அதை எழுத அட்டவணையில் கட்டம் இல்லை.

மேலாளர் அந்தப் பக்கத்தில் விரலை வைத்து, அப்படியானால் ஒரு நாற்காலி போதும்தானே என்று கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. மேலிருந்து அவரையும் யாரோ நெருக்கிக்கொண்டிருந்தார்கள். அது ஒரே ஒரு நாள்தான் என்றாள். நீங்கள்தானே பெரிதாகப் போட்டிருக்கிறீர்கள் என்றார். ரேடியோ எண்ணை மட்டும் வைத்திருப்பதில்லை, நேற்றைய முடிவோடு ஒப்பிட்டுச் சந்தேகப்படுகிறாள், அதைத் திரை செய்யாது என்று வாதாடினாள். அவர் ஆர்வமாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நல்ல விஷயமாச்சே. அதையும் சேத்துடுங்க."

தான் எதைச் சொன்னாலும் அது திரையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அன்று மாலையே அந்தப் பக்கத்தை நீக்கி அறிக்கையை மறுபடி அனுப்பினாள். முதல் அறிக்கையே மேலே போய்விட்டது என்று பதில் வந்தது. ரேடியோவின் ஒப்பந்தம் மாதக் கடைசியோடு முடிந்தது. புதுப்பிக்கவில்லை.

கடைசி நாளில் அவள் போனாள். போகாமல் இருந்திருக்கலாம். ரேடியோ இழுப்பறையிலிருந்து சீப்பு, கைக்குட்டை, மகன் படத்தை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தாள். எப்படித் தொடங்கினாலும் அது அறிக்கை மாதிரியே ஒலித்தது. ரேடியோ கோபப்பட்டிருந்தால் தேவலை.

"உங்கமேல வருத்தமில்ல மேடம். நான்தானே ஒண்ணு விடாம சொல்லிக் குடுத்தேன்," என்றாள். பையை மூடிக்கொண்டே, "கேட்டீங்கன்னு அவ்ளோ ஆசையா சொன்னேன்."

டீச்சர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மஞ்சள் வரி ஒளிர்ந்துகொண்டிருந்தது. போன் வைத்து வெகுநேரம் ஆகியிருந்தது.

இரண்டு மாதம் கழித்துத் திரையின் பயன்பாட்டைப் பார்வையிட அவளை அனுப்பினார்கள். இரண்டாவது நாற்காலி இருந்த இடத்தில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்து பார்த்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. போன் வந்தது, வரி ஒளிர்ந்தது, டீச்சர் பேசினார், திரும்பினார், தட்டினார். நான்கு விநாடிகூட ஆகவில்லை. அறையில் விசைப்பலகைச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. சன்னலில் ஒருவர் நீட்டிய சீட்டை டீச்சர் முகத்தைப் பார்க்காமலே வாங்கினார். சிவப்புப் பேனா எங்கும் தென்படவில்லை.

திரையில் ஏதாவது மாற்ற வேண்டுமா என்று கேட்டாள். கேட்க வேண்டிய கடைசிக் கேள்வி அது. எல்லா இடத்திலும் கேட்பதுதான். டீச்சர் யோசித்தார். குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, நான் எந்திரிச்சுப் போனா ஒரு அஞ்சு நிமிஷம் இது எல்லாரையும் நிறுத்தி வெக்குமா?"

"எங்க போறதுக்கு?"

"பாத்ரூமுக்குத்தான்."

அவள் பேனாவை எடுத்தாள். கை தானாகவே எழுத ஆரம்பித்தது: ஐந்து நிமிடம், நிறுத்தும் பொத்தான், சன்னல் பக்கம் அறிவிப்பு. எழுதியதைப் பார்த்துவிட்டு நோட்டை மூடினாள். நீங்கள் போய்வாருங்கள், நான் இருக்கிறேன் என்றாள். டீச்சர் ஒரு கணம் நம்பாதவர் போலப் பார்த்தார். பிறகு மேசையைப் பிடித்து எழுந்து, ஒரு காலைச் சற்றே இழுத்தபடி நடந்து போனார்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். இருக்கை சூடாக இருந்தது. தான் வரைந்த திரையின் முன் அவள் வேலை செய்ய உட்கார்ந்ததே இல்லை. பாதி தட்டிய ஓர் எண், அதற்குப் பின்னால் துடிக்கும் கோடு. அது யாருடைய ரத்தம், மீதி எண் என்ன என்று அவளுக்குத் தெரியாது. போன் அடித்தது. கூடவே இரண்டாவது போனும் அடித்தது. வரி மஞ்சளானது, மற்றதெல்லாம் அழகாக மங்கியது. கண்ணாடிக்கு அந்தப்புறம் ஐந்தாறு பேர் சீட்டைக் கையில் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.